எட்டு வாட் வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு எந்த ஸ்பீக்கர்?

கேள்வி: என்னிடம் 300பி வால்வு போட்ட சிங்கிள் எண்டட் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. சேனலுக்கு 8 வாட். அலமாரியில் வைக்கும் அளவிலான, 86 டெசிபெல், 4 ஓம் ஸ்பீக்கர்களை 4 ஓம் முனையில் இணைத்துக் கேட்கிறேன். வீணையும் வாய்ப்பாட்டும் இதுவரை கேட்டிராத அழகில் வருகின்றன. நாகஸ்வரக் கச்சேரியில் தவில் சேர்ந்ததும் எல்லாம் மங்கிவிடுகிறது. கடைக்காரர் 50 வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கச் சொல்கிறார். நண்பர் 100 டெசிபெலுக்கு மேற்பட்ட ஹார்ன் ஸ்பீக்கர் வாங்கச் சொல்கிறார். ஹால் 12க்கு 18 அடி. ஸ்பீக்கரிலிருந்து 9 அடியில் உட்காருகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: ஆம்ப்ளிஃபயரை மாற்ற வேண்டாம். ஸ்பீக்கரை மாற்றுங்கள். ஆனால் நண்பர் சொல்லும் உயரத்துக்கு ஏற வேண்டியதில்லை. நேர்மையாக அளக்கப்பட்ட 93 டெசிபெல் உணர்திறன் (கொடுக்கும் மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் எவ்வளவு ஒலி தருகிறது என்ற அளவு) உங்களுக்குப் போதும். அதைவிட முக்கியமாக ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை, ஓமில்) எந்த இடத்திலும் மிகக் கீழே இறங்கக் கூடாது. விளம்பரங்கள் முதல் எண்ணைக் கொட்டை எழுத்தில் போடுகின்றன. இரண்டாவதை வாய் திறந்து சொல்வதில்லை.

முதலில் இப்போது நடப்பது என்னவென்று பார்ப்போம். உங்கள் ஸ்பீக்கரின் 86 டெசிபெல் என்பது பெரும்பாலும் 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்த எண்ணாக இருக்கும். 2.83 வோல்ட் 8 ஓமில் 1 வாட். 4 ஓமில் 2 வாட். ஆக, ஒரு வாட்டுக்குக் கணக்கிட்டால் உங்கள் ஸ்பீக்கர் 83 டெசிபெல்தான். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்காரர்களுக்கு இந்த 3 டெசிபெல் பெரிய பொருட்டில்லை. 4 ஓமில் கேட்கும் கூடுதல் மின்னோட்டத்தை அது கொடுத்துவிடும். உங்கள் 8 வாட்டோ 4 ஓம் முனையிலும் 8 வாட், 8 ஓம் முனையிலும் 8 வாட்.

இனிக் கூட்டிக் கழிக்கலாம். 8 வாட் என்பது ஒரு வாட்டுக்கு மேல் 9 டெசிபெல். இரண்டு ஸ்பீக்கருக்கு ஒரு 3 சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்பது அடி தூரத்துக்கு, சாதாரண வீட்டு ஹாலில், 6 கழியும். மிச்சம் 6. 83 உடன் 6 சேர்த்தால் 89 டெசிபெல். உங்கள் நாற்காலியில் சிதைவில்லாமல் கிடைக்கக்கூடிய உச்சம் அவ்வளவுதான். நிறைவாகக் கேட்கும்போது சராசரி ஒலி 78 டெசிபெல் அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதிகம் நசுக்காமல் பதிவு செய்த தவிலின் ஒரு அடி அதற்கு மேல் 15 முதல் 18 டெசிபெல் எகிறும். அதாவது 96 வரை தேவை. 7 டெசிபெல் பற்றாக்குறை. இதை வாட்டால் ஈடுகட்ட ஐந்து மடங்கு வேண்டும்: 40 வாட். கடைக்காரர் சொன்னது கணக்கில் தப்பில்லை. ஆனால் உங்களுக்குப் பிடித்துப்போன வீணை ஒலியைத் தந்த பெட்டியையே கழற்றி வைத்துவிட்டு எதைத் தீர்க்கப்போகிறோம்?

தவில் முழங்கும்போது கரகரப்பு வராமல் ‘மங்கிவிடுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். கவனமாகக் கேட்டிருக்கிறீர்கள். டிரான்சிஸ்டர் எல்லையைத் தொட்டால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு வெடுக்கென்று கேட்கும். 300பி எல்லையை நெருங்கும்போது மெதுவாக நசுக்கும். அதையும் தாண்டினால் வேறொன்று நடக்கிறது. பலத்த அடி வரும் கணத்தில் வால்வின் கிரிட் (சிக்னல் நுழையும் கம்பி வலை) நேர்மின்னழுத்தத்துக்குப் போய் மின்னோட்டத்தை இழுக்கும். அதற்கு முன்னால் இருக்கும் இணைப்புக் கெப்பாசிட்டர் அதில் மின்னேற்றம் பெற்றுக்கொள்ளும். அடி முடிந்த பிறகும் அந்த மின்னேற்றம் கிரிட்டைக் கீழே தள்ளிப் பிடித்திருக்கும். 0.22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 220 கிலோ ஓம் மின்தடையும் இருந்தால், அது பெருமளவு வடியவே ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். அந்த இடைவெளியில் நாகஸ்வரம் வாசிக்கும் கமகம் மூச்சு முட்டிப்போகிறது. பலர் இதைத் தவிலின் குற்றம் என்றோ பதிவின் குற்றம் என்றோ நினைத்துக்கொள்கிறார்கள்.

இதை ஊகத்தில் விட வேண்டாம், அளந்துவிடலாம். ஒரு மல்டிமீட்டர் போதும். 120 ஹெர்ட்ஸ் சைன் அலையை, உச்ச அளவுக்கு 12 டெசிபெல் கீழே இருக்கும்படி, கணினியில் எந்த ஒலித்தொகுப்பு மென்பொருளிலும் உருவாக்கலாம். முதலில் உங்களுக்குப் பிடித்த நாகஸ்வரப் பதிவைப் போட்டு, நீங்கள் கேட்கும் அதிகபட்ச ஒலியளவில் குமிழை நிறுத்துங்கள். குமிழைத் தொடாமல் அந்த டோனைச் சில விநாடிகள் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட் அளவெடுங்கள். 12 டெசிபெல் என்பது மின்னழுத்தத்தில் நான்கு மடங்கு. ஆகவே வந்த எண்ணை நான்கால் பெருக்குங்கள். பதிவின் உச்சம் உங்கள் ஆம்ப்ளிஃபயரிடம் கேட்கும் வோல்ட் அதுதான். 8 வாட், 4 ஓமில் 5.66 வோல்ட். மீட்டர் 1.4 காட்டினால் விளிம்பில் நிற்கிறீர்கள். 2 காட்டினால் 8 வோல்ட் கேட்கிறீர்கள். 4 ஓமில் அது 16 வாட், அதாவது இல்லாத இரட்டிப்பு. ஆம்ப்ளிஃபயர் விவரத்தாளில் உள்ள 8 வாட்டும் பொதுவாகச் சிதைவு 3 முதல் 5 சதவீதத்தைத் தொடும் இடத்தில் எடுத்த எண் என்பதால், விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே நிற்பதே நல்லது.

இந்த நெருக்கடி பழைய காலத்தில் இல்லை. 1930களில் அமெரிக்காவின் சிறிய திரையரங்குகளில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் ஆம்ப்ளிஃபயர்கள் இதே 300 வகை வால்வு ஒன்றை வைத்துக்கொண்டு எட்டு வாட் அளவில் மொத்தக் கொட்டகையையும் நிரப்பின. திரைக்குப் பின்னால் நின்ற பிரம்மாண்டமான ஹார்ன்கள்தான் பெரும்பகுதி வேலையைச் செய்தன. 1954இல் எட்கர் வில்ச்சர் காற்றுப்புகாத சிறிய பெட்டியில் ஆழமான பேஸ் தரும் ஏஆர்-1 ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். பெட்டி சிறுத்தது, அதற்கு விலையாக உணர்திறன் குறைந்தது. பிறகு டிரான்சிஸ்டர் வந்து வாட் மலிந்ததும் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆழமான பேஸ், சிறிய பெட்டி, அதிக உணர்திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் தேர்ந்துகொள்ள முடியும் என்பது ஹாஃப்மனின் இரும்பு விதி. கேஎல்எச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் உள்ள ‘எச்’ அவர்தான். இந்த மூன்றும் தன் சிறிய பெட்டியில் இருப்பதாக எந்த விற்பனையாளர் சொன்னாலும், அவரிடம் அளவீட்டு வரைபடத்தைக் கேளுங்கள்.

இப்போது இம்பீடன்ஸுக்கு வருகிறேன். ‘8 ஓம் ஸ்பீக்கர்’ என்பது ஒரு பெயர்தான். உண்மையில் அது 60 ஹெர்ட்ஸ் அருகே 30 ஓமுக்கு ஏறி, 200 ஹெர்ட்ஸில் 5 ஓமுக்கு இறங்கி, கிராஸ்ஓவர் பகுதியில் (பேஸ் டிரைவரிடமிருந்து ட்வீட்டருக்கு ஒலி கைமாறும் இடம்) மறுபடி 20 ஓமுக்கு ஏறலாம். நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் ஒரு ஓமில் மிகச் சிறு பங்கு. இந்த மேடு பள்ளம் அதைப் பாதிக்காது. பின்னூட்டம் (வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளே திருப்பி அனுப்புவது) இல்லாத 300பி பெட்டிக்கு வெளியீட்டு இம்பீடன்ஸ் 2.5 ஓம் அளவில் இருக்கும். ஸ்பீக்கர் 5 ஓமாக இருக்கும் இடத்தில் மின்னழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே தங்கிவிடும். 30 ஓமாக இருக்கும் இடத்தில் எட்டு சதவீதம்கூடத் தங்காது. இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 3 டெசிபெல் வித்தியாசம். ஸ்பீக்கரைத் தயாரித்தவர் திட்டமிடாத ஒரு ஈக்வலைசரை நீங்கள் பொருத்திவிட்டீர்கள் என்று பொருள். தவிலின் இடப்பக்கத் தொப்பியில் கோல் விழும் ஓசை உப்பிப்போய், வலந்தலையின் விரல் சொற்கள் பின்னால் போய்விடும்.

அதனால்தான் 98 டெசிபெல் என்று அச்சிட்டு 3 ஓமுக்கு இறங்கும் ஸ்பீக்கரைவிட, 92 டெசிபெல்லில் 6 ஓமுக்குக் கீழே போகாத ஸ்பீக்கர் உங்களுக்கு நன்றாகப் பாடும் என்கிறேன். இதில் பலர் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். அவர்கள் பெரும்பாலும் எண்ணைப் பார்த்து வாங்கி, பிறகு ஒயரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்.

எண்களிலும் ஏமாற வேண்டாம். சில நிறுவனங்கள் அறைச் சுவர்கள் கூட்டித்தரும் ஒலியையும் சேர்த்தே உணர்திறனைக் குறிக்கின்றன. அது பொய் இல்லை. ஆனால் நான் மேலே போட்ட கணக்கில் அந்த எண்ணை அப்படியே போட்டால் தப்பாகிவிடும், 3 டெசிபெல் குறைத்துக்கொள்ளுங்கள். ஃபோஸ்டெக்ஸ், லோதர் போன்ற ஒற்றை டிரைவர்களிலும் (முழு ஒலியையும் ஒரே கூம்பு தரும் வகை) இதே சங்கதி உண்டு. டிரைவருக்கு 96 என்று இருக்கும். பெட்டியின் முகப்பு குறுகலாக இருந்தால் கீழ் ஸ்வரங்கள் பின்பக்கமும் பரவி 6 டெசிபெல் வரை இழப்பு வரும். அதைச் சமன்செய்ய ஒரு சுற்றைச் சேர்த்தால் மிஞ்சுவது 90 சொச்சம். குரல் மட்டும் கேட்பவருக்கு அந்த ஒற்றை டிரைவரில் ஒரு மயக்கம் உண்டு, மறுக்க மாட்டேன். நாகஸ்வரத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன்; மேல் ஸ்தாயியில் காதைக் குத்தும்.

பெயர் சொல்லிக் கேட்பீர்கள் என்பதால் மூன்று வகைகளைச் சொல்கிறேன். நியூயார்க்கின் டிவோர் ஃபிடெலிட்டி செய்யும் ஓ/96, 96 டெசிபெல், 10 ஓம் என்று குறிக்கப்படுவது. குறைந்த வாட் வால்வுகளை மனதில் வைத்தே வடிவமைத்தது. விலை மலைக்க வைக்கும். ஆடியோ நோட் யுகேயின் ஏஎன்-ஈ, அறையின் மூலையில் வைக்கச் செய்தது. மூலைச் சுவர்கள் பேஸைத் தாங்கிக்கொடுக்கும். உங்கள் ஹாலின் இரண்டு மூலைகளும் கதவோ ஜன்னலோ இல்லாமல் காலியாக இருந்தால்தான் இதை யோசிக்க வேண்டும். மூன்றாவது, 1957இலிருந்து வந்துகொண்டிருக்கும் கிளிப்ஷ் ஹெரெசி. நடுப்பகுதியும் மேற்பகுதியும் ஹார்ன். தவிலின் அடி ‘சுரீர்’ என்று வரும். பெட்டி சிறியது, உணர்திறன் பெரியது. ஆகவே ஹாஃப்மன் விதிப்படி ஆழமான பேஸை எதிர்பார்க்க வேண்டாம். இதன் இம்பீடன்ஸ் கீழே இறங்கும் இடங்கள் உண்டு என்பதால், 8 ஓம், 4 ஓம் என்று இரண்டு முனைகளிலும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எதை வாங்கினாலும் உங்கள் ஆம்ப்ளிஃபயரையே தூக்கிக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வாங்குங்கள். கடையின் டிரான்சிஸ்டர் பெட்டியில் கேட்ட ஒலி வீட்டுக்கு வராது.

93க்கு மேல் ஏற வேண்டியவர்கள், 2ஏ3 வால்வில் 3.5 வாட்டும் 45 வால்வில் 2 வாட்டுக்குள்ளும் வைத்திருப்பவர்கள். முதலாமவருக்கு 96, இரண்டாமவருக்கு 99 அல்லது 100. நண்பர் சொன்ன 100க்கு மேற்பட்ட ஹார்ன் உங்களுக்குத் தேவைக்கு மிஞ்சியது. அதோடு ஒரு தொல்லையையும் கூட்டி வரும். 300பியின் இழைக்கு (ஃபிலமென்ட்) ஏசி மின்சாரம் கொடுத்திருந்தால் வெளியீட்டில் 1 மில்லிவோல்ட் ஹம் (மின்சார உறுமல்) இருப்பது சாதாரணம். 86 டெசிபெல் ஸ்பீக்கரில் அது ஒரு மீட்டரில் 17 டெசிபெல்; ஃபேன் சத்தத்தில் காணாமல் போய்விடும். 104 டெசிபெல் ஹார்னில் அதுவே 35 டெசிபெல். இரவில் ஆலாபனையின் இடைவெளிகளில் அந்த உறுமலைத்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஆம்ப்ளிஃபயரில் ஹம் குறைக்கும் திருகு இருந்தால் அதை ஒருமுறை சரிசெய்யுங்கள். மூடியைக் கழற்ற வேண்டிய வேலை என்றால் நீங்கள் கை வைக்க வேண்டாம். உள்ளே 400 வோல்ட் அளவில் டிசி இருக்கிறது, அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும். வால்வு ரேடியோ பழகிய மெக்கானிக் யாராவது உங்கள் ஊரில் இன்னும் இருப்பார். அப்படியே 300பியின் இழையில் 5 வோல்ட் வருகிறதா என்றும் அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 220 வோல்ட்டுக்குச் செய்த பெட்டி நம் ஊர் மின்சாரம் 245ஐத் தொடும் இரவுகளில் வால்வின் ஆயுளைத் தின்றுவிடும்.

இன்னொன்று: ஆம்ப்ளிஃபயர் ஓடும்போது ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றாதீர்கள். சுமையில்லாமல் சிக்னல் போனால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி உள்ளே தீப்பொறி பாயலாம். முனை மாற்றிக் கேட்கும்போதெல்லாம் அணைத்துவிட்டுத்தான்.

புது ஸ்பீக்கருக்குப் பணம் சேரும்வரை ஒரு மலிவு வழி இருக்கிறது. வாட்டை அதிகம் தின்பது பேஸ். ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் 100 கிலோ ஓம் என்றால், 0.022 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டரை ஒவ்வொரு சேனலின் சிக்னல் ஒயரிலும் தொடராகச் சேருங்கள். 72 ஹெர்ட்ஸிலிருந்து கீழே மெல்ல வெட்டத் தொடங்கும். 50 கிலோ ஓம் என்றால் 0.047 போடுங்கள். அந்தக் கீழ்ப் பகுதியைச் சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் உள்ள சப்வூஃபரிடம் ஒப்படையுங்கள். சப்வூஃபருக்குப் போகும் சிக்னலைக் கெப்பாசிட்டருக்கு முன்னாலிருந்து எடுக்க வேண்டும். பின்னாலிருந்து எடுத்தால் அதற்கும் பேஸ் போகாது. இதைச் செய்துவிட்டு மீண்டும் அதே நாகஸ்வரப் பதிவைப் போடுங்கள். அப்போதும் மங்கினால், குறை 72 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. ஸ்பீக்கர் வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டாம்.