புயல் எச்சரிக்கை வரும்போது பயப்படாமல் நல்லதையே எண்ணுவது சரியா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புயலோ வெள்ளமோ வரப்போகிறது என்று அறிவித்தவுடன் வீட்டில் உள்ளவர்கள் பயத்தில் செயலற்றுப் போகிறார்கள். அவர்களிடம் "நல்லதையே நினையுங்கோ, ஒன்றும் நடக்காது" என்று சொல்வது உதவுமா, அல்லது அது கண்ணை மூடிக்கொள்வதற்கு ஒப்பானதா? கேட்டவர் பருத்தித்துறைப் பக்கம் வசிப்பவர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்கு உறவுகளைப் பறிகொடுத்த தன் தாயார் ஒவ்வொரு மாரியிலும் நித்திரையின்றித் தவிக்கிறார் என்றும், அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

நான் வடமராட்சியில் பிறந்து இன்றுவரை அங்கேயே குடியிருப்பவள். பயத்தை விட்டு நம்பிக்கையைத் தெரிவு செய்வது சரிதான் என்பதே என் பதில். ஆனால் எதை நம்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "ஒன்றும் நடக்காது" என்பது வானிலையைப் பற்றிய ஊகம். அதை நம்புவதற்கு எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. "நடந்தாலும் நாங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதைச் செய்ய எங்களுக்குத் தெரியும், அயலில் ஆட்கள் இருக்கிறார்கள்" என்பது எங்களைப் பற்றிய உறுதி. அதை நாங்களே முயன்று உண்மையாக்கிக்கொள்ள முடியும்.

பயம் மட்டும் மனிதரை நகர்த்தாது என்பதற்குப் புயலோடு சற்றும் தொடர்பில்லாத ஓர் ஆய்வை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹவார்ட் லெவென்தாலும் சக ஆய்வாளர்களும் மாணவர்களுக்கு ஏற்புவலி (டெட்டனஸ்) நோயைப் பற்றிய கையேடுகளைக் கொடுத்துப் பார்த்து, முடிவுகளை 1965இல் வெளியிட்டார்கள். சிலருக்குக் கொடுத்த கையேடு மிகவும் அச்சமூட்டுவது, வேறு சிலருக்குக் கொடுத்தது மென்மையானது. அச்சமூட்டும் கையேட்டைப் படித்தவர்கள் கூடுதலாகக் கலங்கினார்கள். தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் கூடுதலாகச் சொன்னார்கள். ஆயினும் கையேட்டை மட்டும் பெற்றவர்களில் உண்மையில் போய் ஊசி போட்டவர்கள் 100இல் 3 பேர் அளவே. மருத்துவ நிலையத்துக்குப் போகும் வழியைக் காட்டும் வரைபடமும், எந்த நாளில் எந்த நேரத்தில் போகலாம் என்று திட்டமிட்டுக்கொள்ளும் குறிப்பும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களில் அது 100இல் 28 பேர் அளவுக்கு உயர்ந்தது. பயம் கூடியதா குறைந்ததா என்பது அந்த இடத்தில் பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. வழி தெரிந்ததா இல்லையா என்பதே தந்தது. ஆகவே எச்சரிக்கை வரும் நாளில் வீட்டாரைப் பயமுறுத்துவதும் வேண்டியதில்லை, பயம் கூடாது என்று அதட்டுவதும் வேண்டியதில்லை. எந்தப் பாதையால், யார் வீட்டுக்கு, எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டால் பாதிப் பதற்றம் அப்போதே இறங்கிவிடும்.

எங்கள் கரையிலேயே இதற்கு வேதனையான சான்று உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை சுமத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் நடுங்கியதற்கும் அலை எங்கள் கிழக்குக் கரையை அடைந்ததற்கும் இடையில் ஏறத்தாழ 2 மணி நேரம் இருந்தது. எங்கள் கரையோர ஊர்களான மணற்காட்டிலிருந்தோ உடுத்துறையிலிருந்தோ ஒருவர் நடந்தே தப்பிப்பதற்கு அந்த நேரம் தாராளமாகப் போதும். ஆனால் அப்படி ஒரு நேரம் கையில் இருந்ததென்பதே எவருக்கும் தெரியவில்லை, தெரிவிப்பதற்கு ஓர் ஏற்பாடும் இருக்கவில்லை. அன்று அந்த மக்கள் தைரியத்திலும் குறைந்தவர்கள் அல்லர், இறைநம்பிக்கையிலும் குறைந்தவர்கள் அல்லர். அவர்களிடம் செய்தி சேரவில்லை. இன்றும் உடுத்துறை நினைவாலயத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு மேலெழுவது இந்த எண்ணந்தான்.

அதன் பின்னர் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது, அனர்த்த வேளையில் அழைப்பதற்கு 117 என்ற தொலைபேசி இலக்கம் வந்தது, இந்து சமுத்திரத்துக்கென ஓர் ஆழிப்பேரலை எச்சரிக்கை முறையும் வந்தது. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி அதே சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, இலங்கைக் கரையெங்கும் எச்சரிக்கை விடுக்கப்பட்டு, மக்கள் கரையை விட்டு உள்ளே ஏறி வந்தார்கள். பெரிய அலை வரவில்லை. அந்தத் தடவை கடலடிப் பாறைகள் பக்கவாட்டில் நழுவினவேயன்றி, கடல்நீரை மேலே தூக்கும் விதமாக எழும்பவில்லை. அதற்குப் பிறகு "சும்மா பயப்பிடுத்திப் போட்டாங்கள்" என்று சொன்னவர்களை நானும் கேட்டிருக்கிறேன். அந்தக் கதையை நான் ஏற்பதில்லை. நிலநடுக்கம் உண்மை, அலை எழக்கூடிய வாய்ப்பும் உண்மை. மக்கள் ஏறி வந்தார்கள், கடலுக்கு எவரும் பலியாகவில்லை. 8 ஆண்டுகளுக்கு முன்னர் எங்களுக்குக் கிடைக்காமற்போனது அதுவேதான்.

வங்காளதேசத்தையும் இங்கே நினைக்க வேண்டும். 1970 நவம்பரில் அங்கே அடித்த போலா புயலில் இறந்தவர்கள் ஆகக் குறைந்த மதிப்பீட்டின்படியே 3 இலட்சம் பேர். 1972இல் புயல் ஆயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, கிராமம் கிராமமாகத் தொண்டர்களைப் பயிற்றி, கொடியும் ஒலிபெருக்கியும் கொடுத்து, பிற்காலத்தில் புயல் தங்குமிடங்களையும் கட்டினார்கள். 2020இல் அம்பன் புயல் கரையைக் கடந்தபோது அந்நாட்டில் இறந்தவர்கள் சில பத்துப் பேர். கடல் அதே வங்காள விரிகுடா, வறுமையும் முற்றாக நீங்கிவிடவில்லை. வீட்டுக்கு வீடு போய்ச் சொல்வதற்கு ஆள் இருந்தார்கள் என்பதே பெரிய மாற்றம்.

எங்கள் ஊருக்கென்று தனியான ஒரு சிக்கல் உண்டு. போரையும் இடப்பெயர்வையும் கடந்து வந்தவர்கள் நாங்கள். ஆகையால் புயல் எச்சரிக்கை வந்தால், குறிப்பாக வயது வந்த ஆண்கள், "நாங்கள் பார்க்காததே? இதெல்லாம் ஒரு காத்து" என்று கதிரையில் சாய்ந்துவிடுகிறார்கள். அவர்கள் பட்ட துன்பத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்தச் சொல்லை நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. களைத்துப்போன மனம் இன்னொரு கவலையைத் தூக்கிச் சுமக்க மறுப்பதுதான் அது. ஷெல்லடிக்குப் பதுங்குகுழி வெட்டிய அதே கைகள், கார்த்திகை பிறக்குமுன் வீட்டு வாசலில் உள்ள மதகைத் துப்புரவாக்கவும் வேண்டும். அக்காலத்தில் நாங்கள் தப்பியது எதையும் பொருட்படுத்தாமல் இருந்ததால் அல்ல. எந்தச் சத்தத்துக்கு எங்கே ஓட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வதும் பயத்தைக் குறைக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கி 600க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, மலையகத்தில் பெருங்கொடுமை செய்தது மண்சரிவு. அந்தக் காட்சிகளைக் கைத்தொலைபேசியில் இரவிரவாகப் பார்த்த எங்கள் பிள்ளைகள், தங்கள் வீட்டின் மேலும் மண் சரியும் என்று அஞ்சினார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சரிவதற்கு மலை இல்லை என்பதை ஒருவர் அமைதியாகச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் ஆபத்து வேறு வகையானது: சுண்ணக்கல்லின் மேல் தட்டையாகக் கிடக்கும் நிலம், கடல்நீரேரி நிறைந்துவிட்டால் வடிய இடமின்றித் தேங்கும் வெள்ளம், தூர்ந்துபோன குளங்கள், அடைபட்ட வாய்க்கால்கள், அறுந்து விழும் மின்கம்பிகள், வளவில் வீட்டின் மேல் சாய்ந்து நிற்கும் முருங்கையும் தென்னையும். 2020 டிசம்பரில் புரெவி புயல் வந்தபோது எல்லோரும் காற்றை நினைத்தே கலங்கினார்கள். அது திருகோணமலைக்கு வடக்கே கரையேறி வலுவிழந்தது. ஆனால் யாழ்ப்பாணத்தில் மழை கொட்டித் தீர்த்தது, தாழ்ந்த இடங்களில் இருந்தவர்கள் வெள்ளத்தோடு போராட வேண்டியதாயிற்று. கூரைக்கு மண்மூட்டை ஏற்றியவர்கள் அரிசி மூட்டையை நிலத்தில் விட்டிருந்தார்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு ஊருக்குப் பயம் விட்டுப்போகிறது, ஆபத்து போவதில்லை. 2024 நவம்பர் மழைக்குப் பின், டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவிச் சிலர் இறந்தார்கள். சேற்றில் இறங்கி வேலை செய்தவர்களுக்குச் சுகாதாரத் துறையினர் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் கண்டவுடன் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பிழைக்கக்கூடிய நோய் அது. வானம் வெளித்துவிட்டது என்ற நிம்மதியில் காய்ச்சலைப் பொருட்படுத்தாமல் விடுவதும், முன்னர் சொன்ன "ஒன்றும் நடக்காது" என்ற எண்ணத்தின் இன்னொரு வடிவமே.

பதற்றமும் எங்களை வேலை செய்ய வைக்கும், ஆனால் பிழையான வேலையைச் செய்ய வைக்கும். 2004க்குப் பிறகு கிழக்குக் கரையில் கடல்நீர் புகுந்த கிணறுகளைப் பலர் உடனடியாக இறைத்து இறைத்துக் கொட்டினார்கள். எங்கள் நிலத்தடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியில் உள்ள உவர் மேலே ஏறும். பொறுத்திருந்து, பின்வந்த மழை நன்னீரை நிரப்ப விட்டிருந்தால் சில கிணறுகள் விரைவில் தேறியிருக்கும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எல்லாவற்றையும் இழந்தவர் கையைக் கட்டிக்கொண்டு எப்படி இருப்பார்? சரியான ஒரு வேலையை அந்த நேரத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

வைபரிலும் வட்ஸ்அப்பிலும் வரும் குரல்பதிவுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பை ஒரு நாளில் சில தடவைகள் பார்த்தால் போதும். எங்கள் வீட்டில் அதைப் பார்த்து மற்றவர்களுக்குச் சொல்லும் பொறுப்பு ஒருவருக்கு மட்டுமே. கிராம சேவையாளரின் தொலைபேசி இலக்கம் சுவரில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. அடையாள அட்டை, காணி உறுதி, மருந்துத் துண்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஐப்பசியிலேயே ஒரே பொலித்தீன் பையில் போய்விடும்.

கடவுளை நம்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் ஊரில் நம்பிக்கை என்றால் முதலில் அதுதான். சந்நிதி முருகனையும் வல்லிபுர ஆழ்வாரையும் வேண்டிக்கொண்டே நானும் மாரியைக் கடக்கிறேன். பிரார்த்தனை மனத்தை ஒரு நிலைக்குக் கொண்டுவருகிறது. அந்த நிலையில் கை நடுங்காமல் மின்சாரத்தின் பிரதான ஆளியை நிறுத்த முடிகிறது, தனியாக இருக்கும் பக்கத்து வீட்டு ஆச்சியைப் போய்க் கூட்டிவர முடிகிறது. பிரார்த்தித்துவிட்டு ஆச்சியை மறந்துபோனால் அந்தப் பிரார்த்தனையில் எனக்குத் திருப்தி இல்லை.

இனி உங்கள் தாயாரைப் பற்றி. அவரிடம் "பயப்பிடாதேங்கோ அம்மா" என்றோ "நல்லதை நினையுங்கோ" என்றோ சொல்லாதீர்கள். அவர் கண்ணால் கண்டதை நீங்கள் மறுப்பதாகவே அது அவருக்குக் கேட்கும். "நீங்கள் பயப்பிடுறது சரி அம்மா, அது நடந்ததுதானே" என்று தொடங்குங்கள். அதன் பிறகு, மழையும் காற்றும் ஆழிப்பேரலையைக் கொண்டு வருவதில்லை என்பதை, அவசரப்படாமல், எச்சரிக்கை எதுவும் இல்லாத ஒரு நாளில் விளக்குங்கள். அவர் உள்ளத்தில் மாரிக்கடலின் இரைச்சலும் மார்கழியில் வந்த அந்தக் காலையும் ஒன்றாகிவிட்டன. உண்மையில் அந்த அலை நிலநடுக்கத்தால் வந்தது. அன்று காற்றுமில்லை, மழையுமில்லை. புயலால் கடல் உயர்வதும் ஆபத்துத்தான், 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அப்படித்தான் அழிந்தது; ஆனால் புயல் உருவாவதை இன்று செய்மதி பல நாட்களுக்கு முன்பே காட்டிவிடுகிறது. சொல்லாமல் வந்த அந்தக் கடலைப் போல அது வருவதில்லை என்பது அவருக்கு விளங்கினால், இரவில் விழித்திருந்து காவல் காக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதும் மெல்ல மெல்ல விளங்கும்.

வெயில் நாளில் அவரையும் அழைத்துக்கொண்டு, எச்சரிக்கை வந்தால் நீங்கள் போகப்போகும், கரையை விட்டு உள்ளே இருக்கும் வீட்டுக்கோ பாடசாலைக்கோ ஒரு தடவை போய் வாருங்கள். எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை அவரே பார்க்கட்டும். வீட்டின் ஆயத்தத்தில் ஒரு பொறுப்பை முழுமையாக அவரிடம் விடுங்கள்: உலர் உணவு, குடிநீர்ப் போத்தல், டோர்ச், பேரப்பிள்ளைகளின் உடுப்பு, எதுவானாலும் சரி. இழந்தவர்களின் பெயரைச் சொல்லி அவர் அழுதால் அழ விடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் நித்திரை வராமல், சாப்பாடும் குறைந்துகொண்டே போனால், அடுத்த மழைவரை காத்திராமல் ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நேரில் போகத் தயங்கினால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலேயே கதைக்கலாம். முதலில் நீங்கள் கதைத்துவிட்டு, பிறகு தொலைபேசியை அவரிடம் கொடுங்கள்.