லா பாஸில் முதல் நாட்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் கணவரும் முதுகுப்பைகளோடு தென் அமெரிக்காவுக்குக் கிளம்பி, முதல் ஊராகப் பொலிவியாவின் லா பாஸில் வந்து இறங்கியிருக்கிறோம். வந்த இரவிலிருந்து அவருக்குத் தலைவலி, தூக்கமும் இல்லை. எனக்கு ஒன்றும் இல்லை. பார்க்க நினைத்த இடங்களின் பட்டியல் அப்படியே இருக்க, ரோப் காரில் மேலும் கீழுமாகப் போய்வந்துகொண்டிருக்கிறோம். நாட்களை வீணடிக்கிறோமா? பேசாமல் உயூனி உப்புவெளிக்குக் கிளம்பிவிடலாமா? இந்த ஊரில் வசதியானவர்கள் பள்ளத்திலும் மற்றவர்கள் உச்சியிலும் வாழ்வது ஏன் என்பதும் எங்களுக்கு விளங்கவில்லை.

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் நாட்களை வீணடிக்கவில்லை. லா பாஸில் எல்லாவற்றையும் உயரமே தீர்மானிக்கிறது. உங்கள் கணவரின் தலைவலியும் நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வியும் அந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

விமான நிலையம் பள்ளத்தின் விளிம்புக்கு மேலே சமவெளியில் உள்ள எல் ஆல்டோ நகரில், 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. நகரின் மையம் ஏறத்தாழ 3,600 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை. காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கே ஆக்சிஜன் உள்ளே போகிறது. உடல் முதலில் மூச்சை வேகப்படுத்திச் சமாளிக்கிறது. அதனால் இரத்தத்தில் ஏற்படும் மாற்றத்தைச் சிறுநீரகங்கள் சரிசெய்யச் சில நாட்கள் பிடிக்கும். இதற்கும் உடற்பயிற்சிக்கும் தொடர்பில்லை. தினமும் ஓடுகிறவர் படுத்துவிடுவதும், மாடிப்படி ஏறவே அலுத்துக்கொள்கிறவர் நன்றாக நடமாடுவதும் அங்கே வழக்கம். தம்பதியாகப் போகிறவர்களுக்கு இதில்தான் சிக்கல் வரும்: நன்றாக இருப்பவர் இழுக்க, முடியாதவர் அதை வெளியே சொல்லாமல் உடன் நடப்பார். நீங்கள் அவருடைய நடைக்கு உங்கள் நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ ஒரு மணி நேரமும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். விடுதியில் கொடுக்கும் கோக்கா இலைத் தேநீரைக் குடிக்கலாம், ஆனால் அதை மருந்தென்று நம்பியிருக்க வேண்டாம். அந்த இலை பொலிவியாவில் சட்டப்படி செல்லும். எல்லை தாண்டிப் பையில் கொண்டுபோனால் பல நாடுகளில் குற்றம்.

இனி பள்ளத்துக்கு வருவோம். 1548இல் ஸ்பானியர்கள் முதலில் லாஹா என்ற மேட்டுச் சமவெளி ஊரில் நகரை நிறுவிவிட்டு, சில நாட்களிலேயே சோக்கேயாப்பு ஆற்றின் பள்ளத்தாக்குக்கு மாற்றினார்கள். மேட்டின் காற்றும் குளிரும் அங்கே குறைவு, ஆற்றில் தங்கமும் கிடைத்தது. அன்று தொடங்கிய கணக்கு இன்றும் மாறவில்லை. கீழே போகப் போக வெயில் இதமாகும், மூச்சு எளிதாகும், மனையின் விலை ஏறும். கிராமங்களிலிருந்து வந்த அய்மாரா பழங்குடி மக்களுக்கு மிஞ்சியது விளிம்பும் அதற்கு மேலிருந்த சமவெளியும்தான். 1985இல் வெள்ளீயத்தின் விலை சரிந்து அரசுச் சுரங்கங்கள் ஆட்குறைப்பு செய்தபோது வேலையிழந்த குடும்பங்களும் எல் ஆல்டோவுக்கு வந்து சேர்ந்தன. அந்த ஆண்டில்தான் அது தனி நகராட்சியானது.

ஆனால் நகருக்குள் இறங்கும் சாலைகள் உச்சியில் இருப்பவர்களின் கையில் இருக்கின்றன. 1781இல் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த அய்மாரா தலைவர் துபாக் கதாரியும் அவர் மனைவி பார்த்தோலினா சிசாவும் அந்த மேட்டிலிருந்து நகருக்குள் உணவு போகாமல் மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். இருவரும் பிறகு பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். 2003 அக்டோபரில் எல் ஆல்டோ மக்கள் சாலைகளை மறித்து எரிபொருள் கீழே இறங்காமல் தடுத்தபோது, பலர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அதிபர் சான்செஸ் தெ லொசாதா பதவி விலகி நாட்டை விட்டே போனார். நீங்கள் பொழுதுபோக்கென்று நினைத்து ஏறும் ரோப் காருக்கும் இதில் இடமுண்டு. 2014இல் சிவப்புத் தடம் திறக்கப்படும் வரை, எல் ஆல்டோவிலிருந்து வேலைக்கு இறங்குகிறவர்கள் மினிபஸ் நெரிசலில்தான் வளைவு வளைவாக வர வேண்டியிருந்தது. எதிர் இருக்கையில் மூட்டையோடு அமர்ந்திருக்கும் பாவாடையும் தொப்பியும் அணிந்த பெண்மணி வேடிக்கை பார்க்க வரவில்லை, வேலைக்குப் போகிறார். இந்த ஊரைப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல இருக்கையை என்னால் சொல்ல முடியாது; சூனியக்காரிகள் சந்தை என்று உங்கள் பட்டியலில் கட்டாயம் இருக்கும் தெருவைவிட எனக்கு அதுவே மேல்.

தலைவலி விட்ட பிறகு, வியாழனிலோ ஞாயிறிலோ சிவப்புத் தடத்தில் மேலே போய் ‘16 தெ ஹூலியோ’ (ஜூலை 16) சந்தையைப் பாருங்கள். பழைய துணியிலிருந்து கார் உதிரிபாகம் வரை அங்கே விற்கிறார்கள். பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். இரவு தங்க மட்டும் கீழே வந்துவிடுங்கள். முடிந்தால் அறையையே தெற்குப் பகுதிக்கு மாற்றிக்கொள்ளலாம், மையத்தைவிட அது சில நூறு மீட்டர் தாழ்வு.

உயூனிக்கு இப்போது போக வேண்டாம். உப்புவெளியும் ஏறத்தாழ லா பாஸின் உயரமே. அதைத் தாண்டி ஏரிகளுக்குப் போகும் ஜீப் பயணத்தில் 4,000 மீட்டருக்கு மேல் உறங்க வேண்டியிருக்கும், அருகில் மருத்துவமனையும் கிடையாது. அவர் விழிக்காமல் ஓர் இரவு முழுக்கத் தூங்கி எழுந்த பிறகு பயணச்சீட்டு வாங்குங்கள்.