ரெட் புல் எப்போது தோற்கத் தொடங்கியது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

கொழிஞ்சாம்பாறையில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். கே.எல். 70, டி.என். 41 என்று ரெண்டு பக்கத்து வண்டியும் வரும். சாயங்காலம் ஆனால் பையன்களுக்குள் ஃபார்முலா ஒன் பேச்சுதான். எனக்கு ஒரு சந்தேகம். 2023-இல் ரெட் புல் 22 பந்தயங்களில் 21 ஜெயித்தது. அடுத்த வருஷமே அணிகள் பட்டியலில் மூன்றாம் இடம். அதே அணி, அதே டிரைவர் வெர்ஸ்டாப்பன், பணத்துக்கும் குறைவில்லை. "காரை வடிவமைத்த நியூவி போனார், கதை முடிஞ்சுது" என்கிறார்கள் பையன்கள். எங்கள் பக்கம் ரேக்ளாவில் தொடர்ந்து கப் வாங்கிய வண்டி பின்தங்கினால் "தலைக்கனம், காளையைச் சரியாகப் பார்க்கவில்லை" என்பார்கள். இதுவும் அப்படித்தானா? இப்போது மேலே இருக்கும் மெக்லாரன் எத்தனை நாள் தாங்கும்?

எஸ்., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள எஸ்.,

தலைக்கனம் என்பதை நான் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ள மாட்டேன். யார் தோற்றாலும் அதைச் சொல்லிவிடலாம், அதனாலேயே அது ஒன்றையும் விளக்குவதில்லை.

நியூவி விஷயத்தில் தேதிகளைப் பாருங்கள். அவர் விலகும் அறிவிப்பு வந்தது 2024 மே 1. மயாமி பந்தயத்தில் லாண்டோ நாரிஸ் மெக்லாரனுக்காகத் தன் முதல் வெற்றியை எடுத்தது மே 5. நாலு நாளில் ஒரு கார் மெதுவாகிவிடாது. பெரிய வடிவமைப்பாளர் போனால் அடி தாமதமாகத்தான் விழும். வில்லியம்ஸ் அணியை விட்டு இதே நியூவி 1996 கடைசியில் வெளியேறினார். 1997 பட்டம் வில்லியம்ஸுக்குத்தான் வந்தது, அவர் கைபட்ட காரில். 1998-இல்தான் ஒரு வெற்றிகூட இல்லாமல் போனது. அதற்குள் ரெனோவும் இன்ஜின் தருவதை நிறுத்திவிட்டு விலகியிருந்தது, ஆகவே அந்தப் பழியும் முழுக்க அவர் போனதன் மேல் விழாது.

என் கணக்கில் ரெட் புல் தோற்கத் தொடங்கியது 2023-இல், எல்லாவற்றையும் ஜெயித்துக்கொண்டிருந்த அதே வருஷத்தில்.

அந்த வருஷத்தின் முதல் நாலு பந்தயங்களில் இரண்டை ரெட் புல்லின் இன்னொரு டிரைவர் செர்ஜியோ பெரஸ் ஜெயித்தார். மீதி 18 பந்தயங்களில் அவருக்கு ஒன்றுமில்லை. வெர்ஸ்டாப்பனோ மொத்தம் 19 ஜெயித்தார். ஒரே கார், ஒரே பட்டறை. "பெரஸுக்குத் திறமை போதவில்லை" என்று எல்லோரும் அப்போது சொல்லி முடித்துவிட்டோம். வெர்ஸ்டாப்பனுக்கு காரின் முன்பக்கம் சட்டென்று வளைவுக்குள் கடித்துத் திரும்ப வேண்டும். பின்பக்கம் கொஞ்சம் நழுவினாலும் அவர் சமாளிப்பார். புதுப் பாகம் ஒவ்வொன்று வந்தபோதும் கார் அந்தப் பக்கமாகவே நகர்ந்தது. அவர் கையில் வேகம் கூடியது, மற்றவர் கையில் வண்டி பயமுறுத்தியது. பொறியாளர்கள் பார்ப்பது சுற்று நேரத்தை. அது குறைந்துகொண்டே வந்தால் போகிற பாதை சரி என்றுதானே நினைப்பார்கள்? கார் நன்றாக ஓடும் நிலைகளின் எல்லை சுருங்கிக்கொண்டே வந்ததை ஞாயிற்றுக்கிழமை கோப்பைகள் மறைத்துவிட்டன.

2024-இல் அது வெளியே வந்தது. முதல் பத்துப் பந்தயங்களில் ஏழில் ஜெயித்த வெர்ஸ்டாப்பன், அடுத்த பத்தில் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை. இத்தாலியின் மான்சா பந்தயத்தில் ஆறாம் இடம். இந்தக் காரை ஓட்டவே முடியவில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். பிறகு பிரேசில் மழையில் 17-ஆம் இடத்திலிருந்து கிளம்பி ஜெயித்தார். பெரஸ் அந்த வருஷத்தை எட்டாம் இடத்தில் முடித்து வெளியேறினார். அவர் இடத்துக்கு வந்த லியாம் லாசனை 2025-இல் இரண்டே பந்தயத்தில் மாற்றினார்கள். அடுத்து வந்த சுனோடாவும் திணறினார். மூன்று பேரும் ஒரே சமயத்தில் ஓட்ட மறந்துபோனார்களா என்ன?

சரி, இத்தனை பொறியாளர்கள் இருந்தும் ஏன் முன்னாலேயே தெரியவில்லை? நீங்கள் பட்டறைக்காரர், இது உங்களுக்குப் பிடிக்கும். காற்றை வேகமாக வீசவிட்டுப் பார்க்கும் காற்றுச் சுரங்கத்தில் முழு காரை வைத்துச் சோதிக்க விதி இடம் தராது. அதிகபட்சம் 60 சதவீத அளவில் ஒரு மாதிரி, காற்றின் வேகம் மணிக்கு 180 கிலோமீட்டருக்குள். ரெட் புல்லின் சுரங்கம் பெட்ஃபோர்டில் உள்ள ரொம்பப் பழையது. அங்கே வரும் எண்ணும் தடத்தில் வரும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். அதைச் சரிபார்க்கத்தான் வெள்ளிக்கிழமை பிராக்டிஸில் காரின் மேல் பச்சைப் பூச்சைத் தடவி அனுப்புவார்கள். எண்ணெயில் கலந்த சாயம் அது. காற்று இழுக்கும் பக்கமாகக் கோடு கோடாக ஓடி நிற்கும். முன்சக்கரத்துக்குப் பின்னால் நுண்குழாய்கள் வரிசையாகச் செருகிய ஒரு சட்டத்தையும் மாட்டுவார்கள். கார் உள்ளே வந்ததும் ஒருவர் கேமராவோடு குனிந்து, கோடு எங்கே வளைகிறது, எங்கே தேங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு மூலையாகப் படம் எடுப்பார். கணினியில் வந்த படத்தோடு அது பொருந்தாவிட்டால் அணிக்குத் தூக்கம் போச்சு. அடுத்த பாகத்தை எதை நம்பி வரைவது? 2024-இல் ரெட் புல் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

அப்போது கூடுதலாகச் சோதிக்கலாம் என்றால் நேரம் கிடையாது. ஜெயிக்கிறவனின் கையைக் கட்டுவதற்கென்றே இப்போது விதி இருக்கிறது. முதலிடத்து அணிக்கு அடிப்படைச் சோதனை நேரத்தில் 70 சதவீதம்தான். ஒவ்வொரு இடம் கீழே போகப் போக ஐந்து ஐந்தாகக் கூடி, பத்தாம் இடத்துக்கு 115. ரெட் புல் 2021-இல் செலவு வரம்பை மீறியதற்காக 70 லட்சம் டாலர் அபராதமும், இந்த நேரத்தில் மேலும் 10 சதவீத வெட்டும் வாங்கியது. 2023 தொடக்கத்தில் பின்வரிசையில் கிடந்த மெக்லாரன் அதே சமயம் அதிக நேரத்தோடு வேலை செய்தது. வோக்கிங்கில் உள்ள அவர்கள் தலைமையகத்தில் புதுச் சுரங்கமும் அந்த வருஷம் ஓடத் தொடங்கியது. ரெட் புல்லில் நெடுங்காலம் இருந்த பொறியாளர் ராப் மார்ஷல் 2024 ஜனவரியில் மெக்லாரனுக்குப் போனார். நியூவியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வெற்றி கண்ணைக் கட்டியதற்கு இன்னும் நல்ல உதாரணம் மெர்சிடஸ். 2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு அணிப் பட்டங்கள். 2022-இல் காரின் அடித்தளம் வழியாகக் காற்றை இழுக்கும் புது விதி வந்தது. சுரங்கத்தில் பிரமாதமாகத் தெரிந்த கார் தடத்தில் குதித்தது. பாகு பந்தயத்தில் மெர்சிடஸின் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வருஷக் கடைசியில் பிரேசிலில் அதே அணியின் ரஸ்ஸல் ஒன்று ஜெயித்தார். கெடுத்தது அந்த ஒரு வெற்றிதான் என்பது என் எண்ணம். அதே பாணியில் அடுத்த காரையும் கட்டினார்கள். 2023-இல் வெற்றி பூஜ்யம்.

ரேக்ளா பேச்சை எடுத்தீர்களே, அதில் தலைக்கனத்தைவிடப் பொருத்தமான ஒன்று இருக்கிறது. நம் பக்கம் காளையின் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தானே 200 மீட்டர், 300 மீட்டர் என்று பிரிக்கிறார்கள்? 200-இல் பறந்த ஜோடி, பல் கூடி 300-க்குப் போனால் கடைசி நூறில் மூச்சு வாங்குகிறது. காளை கெட்டுப்போகவில்லை, தூரம் மாறிவிட்டது. 2004-இல் ஃபெராரி 18-இல் 15 ஜெயித்தது. 2005-இல் பந்தயத்துக்கு நடுவே டயர் மாற்றக் கூடாது என்று விதி வந்தது. ஃபெராரி அதுவரை ஜெயித்ததில் ஒரு பங்கு பிரிட்ஜ்ஸ்டோன் அவர்களுக்கென்றே டயர் செய்து கொடுத்ததால். பெரிய அணிகளில் வேறு யாரும் அந்த டயரில் இல்லை. நீண்டநேரம் தாங்கும் டயர் வேண்டும் என்றானபோது போட்டி டயர் நிறுவனமான மிஷெலினிடம் ஏழு அணிகளின் அனுபவம் இருந்தது. பிரிட்ஜ்ஸ்டோனிடம் ஃபெராரி, அப்புறம் ஜோர்டான், மினார்டி என்ற இரண்டு ஏழை அணிகள். அந்த வருஷம் ஃபெராரிக்குக் கிடைத்த ஒரே வெற்றி இண்டியானாபொலிஸில், அதுவும் மிஷெலின் கார்கள் எல்லாம் விலகிக்கொள்ள ஆறே கார்கள் ஓடிய பந்தயம். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டானில் நாலாவது வந்து ஐந்து புள்ளி எடுத்தாரே, அதே பந்தயம்தான். 2006-இல் டயர் மாற்ற மறுபடி அனுமதித்ததும் ஃபெராரி கடைசிப் பந்தயம் வரை பட்டத்துக்கு மோதியது.

மெக்லாரன் எத்தனை நாள் என்று கேட்டீர்கள். 2024, 2025 இரண்டிலும் அணிப் பட்டம் அவர்களுக்கு, ஆகவே சோதனை நேரம் குறைவானதும் அவர்களுக்குத்தான். 2026-க்கு இன்ஜின், காரின் வடிவம் இரண்டும் சேர்ந்தே மாறுகின்றன. இன்ஜினை அவர்கள் மெர்சிடஸிடமிருந்து வாங்குகிறார்கள். அதே இன்ஜின்தான் மெர்சிடஸுக்கும் வில்லியம்ஸுக்கும் ஆல்பைனுக்கும். மெக்லாரன் மேல் நான் பந்தயம் கட்ட மாட்டேன். ஆனால் அவர்களிடம் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. நாரிஸ், பியாஸ்ட்ரி இருவருமே அந்தக் காரில் ஜெயித்தார்கள். சீசன் தொடங்கியதும் பட்டறைப் பையன்களிடம் சொல்லுங்கள், முதலில் வந்தவரை விட்டுவிட்டு அதே அணியின் இன்னொரு கார் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று குறித்துவைக்கட்டும். நாலு பந்தயம் கழிந்து அந்தப் பட்டியலை எனக்கு அனுப்புங்கள்.