வேலிக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுக்கலாமா? – கேள்வி பதில்

வவுனியாவில் முப்பது வருடங்களுக்கு மேலாக ஸ்டூடியோ நடத்தியவன் என்பதால், பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் இளையவர்கள் அனுமதி பற்றி என்னிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. நான் சட்டத்தரணி அல்லன். மறிக்கப்பட்ட அனுபவத்திலும், அதன் பின்னர் சட்டங்களைத் தேடி வாசித்ததிலும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

கிளிநொச்சி மாணவர் ஒருவர்: ஐயா, ஏ9 வீதியிலும் சந்தையிலும் படம் எடுக்கப் பொலிஸிலோ பிரதேச செயலகத்திலோ கடிதம் பெற வேண்டுமா?

வேண்டியதில்லை. பொது வீதி, சந்தை, கடற்கரை ஆகிய இடங்களில் தன் விருப்பத்துக்காகப் படம் எடுப்பவர் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும் என்று சொல்லும் பொதுவான சட்டம் இலங்கையில் இல்லை. கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரம் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. ஆயினும் சந்தைக்குள் இருக்கும் கடை கடைக்காரருடையது. பாடசாலைக்கு அதிபரிடமும் வைத்தியசாலைக்குப் பணிப்பாளரிடமும் கேட்க வேண்டும். கமெரா பெரிதா சிறிதா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, காவலில் நிற்பவர்தான் பார்ப்பார். கைத்தொலைபேசியில் பத்துப் படம் எடுத்தவரை விட்டுவிட்டு, நீண்ட லென்ஸ் வைத்திருந்த என்னை மறித்த நாட்கள் உண்டு.

முல்லைத்தீவில் இருந்து ஒருவர்: வயலைப் படம் எடுக்கும்போது பின்னணியில் முகாம் வேலி விழுந்துவிட்டால் குற்றமா?

1955ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க உத்தியோகபூர்வ இரகசியச் சட்டம் படை நிலைகளைத் தடைசெய்யப்பட்ட இடங்களாகக் கருதி, அவற்றைப் படம் எடுப்பதைக் கட்டுப்படுத்துகிறது. எனவே முகாம், காவலரண், சோதனைச் சாவடி, கடற்படைத் தளம் ஆகியவற்றை நோக்கிக் கமெராவைத் திருப்பவே கூடாது. தற்செயலாக விழுந்தது என்று சொல்லி நீங்கள் தப்பலாம், ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். ஒரு மார்கழிக் காலையில், வரம்பில் ஒற்றைக் காலில் நின்ற கொக்கொன்றை எடுத்துக்கொண்டிருந்தேன். படத்தின் வலது மூலையில், கடுகளவில், பனைகளுக்கு மேலாக ஒரு காவற்கோபுரத்தின் தகரக் கூரை தெரிந்திருக்கிறது. நான் அதைக் கவனிக்கவில்லை. கோபுரத்தில் நின்றவர் என்னைக் கவனித்துவிட்டார். கொக்கும் போயிற்று, படமும் போயிற்று. வன்னியில் கமெராவைத் தூக்கும் முன் நான்கு மூலைகளையும் பார்க்கப் பழகியது அன்றிலிருந்துதான்.

அதே வாசகர்: படத்தை அழிக்கச் சொன்னால் அழிக்கத்தான் வேண்டுமா?

நின்ற இடத்திலேயே படத்தை அழிப்பிக்கும் அதிகாரத்தைக் கொடுக்கும் ஏற்பாடு எதையும் நான் வாசித்த சட்டங்களில் காணவில்லை. குற்றம் என்று கருதினால் பொலிஸார் காரணத்தைச் சொல்லிக் கைது செய்ய வேண்டும், 24 மணித்தியாலங்களுக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் விதி. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டால் இந்தக் கணக்குச் செல்லாது என்பதையும் மறக்க வேண்டாம். துவக்கு வைத்திருப்பவரோடு வேலியடியில் சட்டம் பேசுவதை நான் ஒருவருக்கும் பரிந்துரைப்பதில்லை. இடம், நேரம், அவர் சொன்ன வார்த்தை ஆகியவற்றை வீட்டுக்கு வந்தவுடன் எழுதிவைத்து, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்திலோ 1996 என்ற தொலைபேசி இலக்கத்திலோ முறையிடுங்கள்.

கனடாவில் இருந்து ஊருக்கு வரும் ஒருவர்: கரைவலை இழுப்பவர்களையும், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரையும் படம் எடுக்க விரும்புகிறேன். கேட்டு எடுப்பதா, கேளாமல் எடுப்பதா?

பொது இடத்தில் நிற்பவரை எடுப்பது தன்னளவில் குற்றமாகாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் முற்றிலும் சொந்தத் தேவைக்கான பயன்பாட்டைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஆனால் உங்கள் கேள்விக்குச் சட்டத்தின் பதில் போதாது. இடம்பெயர்ந்தோர் முகாம்களிலும், மீள்குடியேறிய பின்னரும், எத்தனையோ பதிவுகளுக்காக நிறுத்தி வைத்துப் படம் எடுக்கப்பட்ட சனங்கள் இவர்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தாய்மாரின் போராட்டத்தில், செய்தியாளர் அல்லாத, சிவில் உடையில் வந்து நின்று ஒவ்வொரு முகமாக எடுத்துச் செல்பவர்களையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். தூரத்தில் நின்று லென்ஸை நீட்டும் நீங்கள் அவர்களின் கண்ணுக்கு அந்த ஆட்களில் ஒருவராகவே தெரிவீர்கள். முதலில் கமெராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் போய் இருங்கள். யார், எங்கிருந்து வருகிறீர்கள், படம் எங்கே போகும் என்பதைச் சொல்லுங்கள். பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்திருக்கும் தாய், அந்தப் படமும் தெளிவாக விழும்படி தானே சற்றுத் திருப்பிப் பிடிப்பார். அதை நான் பல முறை கண்டிருக்கிறேன். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

கரைவலைக்காரரிடம் இவ்வளவு தேவையில்லை. கரையில் உள்ள வாடியில் (மீனவர் குடிலில்) வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கயிற்றுக்குக் குறுக்கே நிற்காமல் எடுத்தால் போதும்.

மன்னார் வாசகி: பூநாரைகளை எடுக்க அனுமதி வேண்டுமா? ட்ரோன் பறக்கவிடலாமா?

வங்காலை ஒரு சரணாலயம். மன்னார் வீதியோரத்தில் நின்று தாராளமாக எடுக்கலாம். 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளத்துக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ட்ரோன் என்றால் கதை வேறு: மிகச் சிறியவை தவிர்ந்த ட்ரோன்களைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில் பதிவு செய்து, பறப்பதற்கும் அனுமதி பெற வேண்டும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கும் நாளில் மேலிருந்து எடுக்க எல்லோருக்கும் ஆசைதான். அருகில் படையினரின் ஓடுபாதை இருப்பதை நினைவில் வையுங்கள். பறவைக் கூட்டத்தின் மேல் ட்ரோனை ஓட்டுவதை, அனுமதி இருந்தாலும், நான் பொறுக்கமாட்டேன்.

புதுக்குடியிருப்பு வாசகர்: வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலிலும், பழைய விகாரைகளிலும் படம் எடுக்கலாமா?

கோயிலுக்குள் பரிபாலன சபையின் சொல்லே சட்டம். கடல்நீரில் விளக்கெரியும் வேளையில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். அந்த ஒளியில்தான் படமே இருக்கிறது. தொல்பொருள் இடங்களில் படம் எடுப்பதைவிட எங்கே நின்று எடுக்கிறீர்கள் என்பதே வில்லங்கம். 2019 ஜனவரியில் ஹொரவப்பொத்தானைப் பகுதியின் கிரலாகல தூபியில் ஏறி நின்று படம் எடுத்த தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் விளக்கமறியலில் இருந்து, தண்டம் கட்டித்தான் வெளியே வந்தார்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுப்பதையும் தவிருங்கள்.

பளையில் இருந்து ஒருவர்: முகமாலைப் பக்கம் பழைய காவலரண்களை எடுக்கலாமா?

கண்ணிவெடி இருப்பதை எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் வீதியை விட்டு ஓர் அடியும் இறங்காதீர்கள்.

வவுனியா வாசகர்: என் படத்தை ஒரு கடை கேளாமலே கலண்டரில் போட்டுவிட்டது. என்ன செய்வது?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நீங்களாக எடுத்த படத்தின் உரிமை, எங்கும் பதியாவிட்டாலும், உங்களுடையது. முதலில் கலண்டரின் ஒரு பிரதியோடு நேரில் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் சட்டத்தரணி முதலில் கேட்கப்போவது மூலக் கோப்பைத்தான் என்பதால், திகதி பதிவாகியிருக்கும் அந்தக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள்.