போட்டோஷாப் நிறுவியதும் ப்ரிஃபரன்சஸில் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

கேட்டவரிடம் இருப்பது 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, கூடவே ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படங்களைத் திருத்தப் போகிறார். காணொளிகளில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறார்.

நானும் ஒரு காணொளியைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். 'வேகத்தை இரட்டிப்பாக்கும் அமைப்புகள்' என்று தலைப்பு. அதில் சொன்னபடி போட்டோஷாப் எடுத்துக்கொள்ளும் நினைவகத்தை (ராம்) 100 சதவீதத்துக்கு இழுத்து வைத்தேன், ஹிஸ்டரி ஸ்டேட்ஸை, அதாவது எத்தனை படி பின்னே போகலாம் என்பதை, 1000 ஆக்கினேன். இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது நாள் இரவு ஒரு படத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டுச் சேமிக்கப் போனால், ஸ்க்ராட்ச் டிஸ்க் (ராம் போதாதபோது போட்டோஷாப் தற்காலிகமாகப் பயன்படுத்தும் டிஸ்க் இடம்) நிறைந்துவிட்டது, இந்த வேலையை முடிக்க முடியாது என்று ஒரு பெட்டி வந்து நின்றது. மறுபடி அழுத்தினேன், மறுபடி அதே பெட்டி. தவறு முழுக்க என்னுடையது.

ஏன் அப்படி ஆனது என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டால் போதும். 24 மெகாபிக்சல் படம் என்பது 6000க்கு 4000, அதாவது 2.4 கோடி பிக்சல். ஒரு பிக்சலுக்கு மூன்று நிறம், 8 பிட்டில் நிறத்துக்கு ஒரு பைட். ஆக ஒரு லேயர் (படத்தின் ஓர் அடுக்கு) சுமார் 72 எம்பி, 16 பிட்டில் வேலை செய்தால் 144 எம்பி. பிரஷ்ஷால் ஒரு மூலையைத் தொட்டால் மாறிய பகுதியை மட்டும்தான் ஹிஸ்டரி எடுத்து வைக்கும், அது பெரிய சுமை இல்லை. ஆனால் முழுப் படத்துக்கும் பிளர் போடுவது, நாய்ஸைக் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான மாசு) குறைப்பது போன்றவற்றில் படம் மொத்தமும் மாறுவதால், ஒவ்வொரு படிக்கும் இன்னொரு 144 எம்பி சேரும். அப்படி 50 படி என்றால் 7.2 ஜிபி. 1000 படி என்றால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். ராமில் இடம் தீர்ந்ததும் மிச்சமெல்லாம் ஸ்க்ராட்ச் டிஸ்க்குக்குத்தான் போகும்.

எனவே கண்ட்ரோல் + கே அழுத்தி (மேக்கில் கமாண்ட் + கே) ப்ரிஃபரன்சஸைத் திறந்ததும் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் நீங்கள் செய்ய வேண்டியது, எதையும் தொடாமல் இருப்பது. நினைவகம் 70 சதவீதம், ஹிஸ்டரி 50. இரண்டும் வரும்போதே அப்படித்தான் இருக்கும், அப்படியே இருக்கட்டும். நினைவகத்தை மொத்தமாகப் போட்டோஷாப்புக்குத் தாரை வார்த்தால் விண்டோஸும் பிரௌசரும் மூச்சுத் திணறி, கடைசியில் போட்டோஷாப்பையும் சேர்த்து இழுத்துவிடும். கேஷ் லெவல்ஸ் (திரையில் படத்தை வேகமாகக் காட்ட எடுத்து வைக்கும் சிறிய நகல்கள்) 4, அதுவும் போதும்.

ஸ்க்ராட்ச் டிஸ்க் பக்கம்தான் உங்களுக்கு முக்கியம். அங்கே டிரைவ்கள் வரிசையாக இருக்கும், மேலே உள்ளது நிறைந்தால் அடுத்ததற்குப் போகும். பெரியது என்பதற்காக ஹார்ட் டிஸ்க்கை முதலில் வைக்காதீர்கள், ஒவ்வொரு ஃபில்டருக்கும் காத்திருக்க வேண்டிவரும். எஸ்எஸ்டியில் நாற்பது ஐம்பது ஜிபி காலி இருந்தால் அதையே முதலில் வையுங்கள், ஹார்ட் டிஸ்க்கை டிக் செய்து இரண்டாவதாக விடுங்கள். பென் டிரைவும் நெட்வொர்க் டிரைவும் வேண்டவே வேண்டாம். இன்னொன்று: போட்டோஷாப் பாதியில் நின்றுபோன நாட்களில் 'போட்டோஷாப் டெம்ப்' என்று பெயர் தொடங்கும் பெரிய பெரிய ஃபைல்கள் டிஸ்க்கில் தங்கிவிடுவது உண்டு. போட்டோஷாப்பை மூடிவிட்டு அவற்றை அழிக்கலாம். எனக்கு அன்றைக்கு அப்படி ஒன்றல்ல, மூன்று கிடந்தன.

எனக்கு வந்த அதே பெட்டி உங்களுக்கும் வந்தால் பதறி மூடிவிடாதீர்கள். முதலில் வேறு ஏதாவது ஃபைலை அழித்து டிஸ்க்கில் இடம் உண்டாக்குங்கள். அது முடியாவிட்டால் எடிட் மெனுவில் பர்ஜ், அதற்குள் ஹிஸ்டரீஸ். திறந்திருக்கும் எல்லாப் படங்களின் ஹிஸ்டரியும் போய்விடும், பின்னே போக முடியாது. ஆனால் படம் இருக்கும், சேமிக்கலாம். போட்டோஷாப் திறக்கவே மாட்டேன் என்றால், அது தொடங்கும்போதே கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்துப் பிடித்திருங்கள் (மேக்கில் கமாண்ட், ஆப்ஷன்). ஸ்க்ராட்ச் டிஸ்க்கை மாற்றும் பெட்டி மட்டும் முதலில் வரும்.

அடுத்து ஃபைல் ஹேண்ட்லிங். ரிகவரி தகவலைத் தானாகச் சேமிக்கும் இடைவெளி 10 நிமிடம் என்று இருக்கும், 5 ஆக்கிவிடுங்கள். ஆனால் இது நீங்கள் நினைக்கிற 'சேவ்' இல்லை. போட்டோஷாப் திடீரென்று நின்றுபோனால், அடுத்த முறை திறக்கும்போது மீட்டுத் தருவதற்காக எடுத்து வைக்கும் நகல், அவ்வளவுதான். நீங்களே மூடும்போது அவசரத்தில் 'சேமிக்க வேண்டாம்' என்று அழுத்தினால் அதுவும் காப்பாற்றாது. கண்ட்ரோல் + எஸ் பழக்கத்துக்கு மாற்றே கிடையாது. அதே பக்கத்தில் பிஎஸ்டி (போட்டோஷாப்பின் சொந்த ஃபைல் வகை) கம்பாட்டிபிலிட்டியை ஆல்வேஸ் என்று வையுங்கள். ஃபைல் கொஞ்சம் பெருக்கும், ஆனால் லைட்ரூம் கிளாசிக் போன்ற மற்ற படத் திருத்த மென்பொருள்கள் அந்த பிஎஸ்டியைத் தகராறில்லாமல் திறக்கும்.

இனி நிறம். என்னைக் கேட்டால் ராம், கேஷ் எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய விஷயம். ஆனால் இது ப்ரிஃபரன்சஸ் பெட்டிக்குள்ளேயே இல்லை! எடிட் மெனுவில் கலர் செட்டிங்ஸ் என்று தனியாக இருக்கிறது, கண்ட்ரோல் + ஷிஃப்ட் + கே. அதனாலேயே பலர் கண்ணில் படுவதில்லை.

ஒரு பிக்சலில் இருப்பது மூன்று எண்கள் மட்டும். சிவப்பு 200, பச்சை 100, நீலம் 50 என்றால் அது என்ன நிறம் என்பதை அந்த எண்கள் தனியாகச் சொல்லாது, எந்தக் கலர் ஸ்பேஸ், அதாவது அந்த எண்கள் எந்த நிற வட்டத்துக்கு உரியவை, என்பதும் தெரிய வேண்டும். 1996ல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி சிறிய வட்டம், இணையமும் பெரும்பாலான திரைகளும் அதைத்தான் எதிர்பார்க்கின்றன. 1998ல் வந்த அடோபி ஆர்ஜிபி கொஞ்சம் பெரிய வட்டம், முக்கியமாகப் பச்சைப் பக்கம். பெரிய வட்டத்துக்கான எண்களைச் சிறிய வட்டம் என்று நினைத்துப் படித்தால் படம் வெளிறிப்போகும்.

இதையும் நான் அனுபவித்தேன். கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்று வைத்திருந்தேன், படங்கள் அப்படியே வந்தன. இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, எடிட் மெனுவில் அசைன் ப்ரொஃபைல் (ப்ரொஃபைல் என்பது படம் எந்தக் கலர் ஸ்பேஸில் இருக்கிறது என்று சொல்லும் சீட்டு) எடுத்து எஸ்ஆர்ஜிபி கொடுத்தேன். கண்ணெதிரே முகங்களெல்லாம் காய்ச்சலில் படுத்து எழுந்த மாதிரி ஆகிவிட்டன. நானோ அதைப் 'பிரச்சினை' என்று எண்ணி, சாச்சுரேஷனை (நிறச் செறிவை) ஏற்றி ஏற்றிச் சரிசெய்தேன். ஒன்றிரண்டல்ல, முப்பது படங்கள். அசைன் என்பது எண்களை அப்படியே வைத்துப் பொருளை மட்டும் மாற்றும். நான் எடுத்திருக்க வேண்டியது அதற்கு அடுத்த வரியில் இருக்கும் கன்வர்ட் டு ப்ரொஃபைல். அது நிறத்தைக் காப்பாற்றிக்கொண்டு எண்களை மாற்றும்.

சரி, என்ன வைப்பது? வொர்க்கிங் ஸ்பேஸில் ஆர்ஜிபிக்கு எஸ்ஆர்ஜிபி. பாலிசிகளில் ப்ரிசர்வ் எம்பெடட் ப்ரொஃபைல்ஸ், அதாவது படம் கொண்டுவந்த ப்ரொஃபைலை மதிப்பது. கீழே ப்ரொஃபைல் பொருந்தாதபோது கேட்கும் கட்டங்களை டிக் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் கேட்கிறதே என்று எரிச்சல் வரும், ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். எந்தப் படம் எந்தக் கலர் ஸ்பேஸில் வருகிறது என்று அதற்குள் உங்களுக்கே பிடிபட்டுவிடும். பெரிய அளவில் அச்சடிக்கிற வேலை வந்தால், அச்சகம் எந்த ப்ரொஃபைல் கேட்கிறது என்று கேட்டுவிட்டு அன்றைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நிறத்தோடு ஒட்டிய சின்ன விஷயம் ஒன்று. படத்தைச் சுற்றியிருக்கும் வெற்றிடத்தின் நிறம் உங்கள் கண்ணை ஏமாற்றும். அடர்ந்த கறுப்புக்கு நடுவே வைத்தால் எந்தப் படமும் வெளிச்சமாகத் தெரியும், நீங்களும் போதும் என்று நிறுத்திவிடுவீர்கள். அப்புறம் அச்சில் இருண்டு வரும். படத்துக்கு வெளியே ரைட் கிளிக் செய்தால் அந்த இடத்தின் நிறத்தை மாற்றலாம். நான் நடுத்தரச் சாம்பல் வைத்திருக்கிறேன். முழு இருட்டுத் தீம் அழகுதான், இரவில் கண்ணுக்கும் இதம். ஆனால் வெளிச்சத்தை முடிவு செய்கிற நேரத்தில் அதை நம்ப மாட்டேன்.

மற்றவை உங்கள் விருப்பம். டூல்ஸ் பக்கத்தில் மவுஸ் சக்கரத்தால் ஜூம் செய்வதை நான் முதல் வேலையாக ஆன் செய்வேன். ஜெனரலில் எக்ஸ்போர்ட் கிளிப்போர்டை எடுத்துவிடுவேன், பெரிய படத்தைக் காப்பி செய்துவிட்டு வேறு ப்ரோகிராமுக்குத் தாவும்போது அது திணறும்.

சிலர் போட்டோஷாப்பை விட்டு கிம்ப் என்ற இலவச மென்பொருள் பக்கம் போவார்கள், நீங்களும் யோசித்தால் இதே கதைதான். எடிட், ப்ரிஃபரன்சஸ், சிஸ்டம் ரிசோர்சஸில் டைல் கேஷும் (படத்துக்கான ராம் அளவு) அண்டு நினைவகமும் (பின்னே போவதற்கான ராம் அளவு) இருக்கும். ஃபோல்டர்ஸ் பகுதியில் ஸ்க்ராட்ச் டிஸ்க் போன்ற ஸ்வாப் ஃபோல்டரை மாற்றலாம். நேரத்துக்கு ஒருமுறை தானே சேமிக்கும் வசதி மட்டும் அதில் இல்லை. கை தானாகக் கண்ட்ரோல் + எஸ்ஸுக்குப் போகப் பழக வேண்டும்.

இதையெல்லாம் மாற்றி முடித்ததும் போட்டோஷாப்பை ஒருமுறை முறையாக மூடித் திறந்துவிடுங்கள். ப்ரிஃபரன்சஸ் மூடும்போதுதான் ஃபைலில் எழுதப்படும், நடுவில் கிராஷ் ஆனால் மாற்றியது போய்விடும். எதையோ மாற்றிக் குழம்பிவிட்டீர்கள் என்றால் தொடங்கும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். அதற்கு முன் உங்கள் ஆக்‌ஷன்களையும் பிரஷ்களையும் தனியாகச் சேமித்துவிடுங்கள்.

ஆனால் பிரஷ்ஷின் வட்டம் காணாமல்போய் நடுவில் ஒரு கூட்டல் குறி மட்டும் தெரிகிறது என்பதற்காக ரீசெட் செய்யாதீர்கள். முதலில் கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா பாருங்கள். நான் பார்க்காமல் இரண்டு தடவை ரீசெட் செய்திருக்கிறேன்.