பருப்பு வேகாத தண்ணீருக்கு எந்த குளோரின் மெஷின்?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் எருத்தேம்பதிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழத்தில் டைல்ஸ் ஒட்டி நீச்சல்குளம் கட்டுகிறோம். தண்ணீர் போர்வெல்தான். ரிசார்ட் குளங்களில் குளித்துவிட்டு வந்தால் பிள்ளைகளுக்குக் கண் எரிகிறது. அதனால் உப்பில் ஓடும் மெஷின் வைக்க ஆசை. கோயம்புத்தூரில் ஒரு கடைக்காரர், மணிக்கு 15 கிராம் மெஷின் போதும், இதில் குளோரினே கிடையாது என்கிறார். இன்னொருவர் 30 கிராம் வாங்கச் சொல்கிறார். விலையில் நல்ல வித்தியாசம். எதை வாங்கலாம்?

பதில்: 30 கிராம் வாங்குங்கள். ஆனால் கடைக்குப் போகும் முன் இரண்டு வேலை இருக்கிறது. அதற்கும் முன்னால், குளோரினே கிடையாது என்று அவர் சொன்ன கதையை முடித்துவிடுவோம்.

நீங்கள் கேட்கும் உப்பு மெஷின், அதாவது சால்ட் குளோரினேட்டர், குளோரின் தயாரிக்கும் மெஷின்தான். 15, 30 கிராம் என்பதே அது மணிக்குத் தரும் குளோரின். பம்ப் அறையில் குழாயோடு சேர்த்து ஒரு செல் மாட்டுவார்கள். அதற்குள் டைட்டானியம் தகடுகள் வரிசையாக இருக்கும், மேலே ருத்தேனியம், இரிடியம் ஆக்ஸைடு பூச்சு. உப்பு கலந்த தண்ணீர் அதற்குள் ஓடும்போது மின்சாரம் பாய்ந்து, உப்பிலிருந்து குளோரின் பிரிகிறது. கிருமியைக் கொன்றபின் அது மறுபடியும் உப்பாகவே தண்ணீருக்குத் திரும்பிவிடும். அதனால்தான் உப்பை அடிக்கடி கொட்ட வேண்டியதில்லை. தெறிப்பது, வழிவது, பேக்வாஷில் (ஃபில்டருக்குள் தண்ணீரைத் திருப்பி விட்டுக் கழுவுவது) போவது மட்டுமே நஷ்டம். ஆக, மாத்திரை போட்ட குளத்தில் இருக்கும் அதே குளோரின்தான் இதிலும். உப்பும் கடல் மாதிரி கரிக்காது. கடலில் லிட்டருக்கு 35 கிராம் என்றால் இங்கே 3 முதல் 4 கிராம்தான்.

பிள்ளைகளின் கண் எரிந்ததற்குப் பெரும்பாலும் குளோரின் அதிகமானது காரணமாக இருக்காது. வியர்வை, சிறுநீரோடு சேர்ந்து கெட்டுப்போன குளோரின்தான் அந்த மூக்கைத் துளைக்கும் வாசனையையும் எரிச்சலையும் தருகிறது. நல்ல குளோரின் போதாத குளத்தில்தான் அது சேரும். பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, தாறுமாறாக இருந்தாலும் கண் எரியும். உப்பு மெஷின் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குளோரின் விடுவதால் அந்த ஏற்ற இறக்கம் குறைகிறது. நீங்கள் தேடும் சுகம் அதில்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் குளத்தில் சுமார் 45,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, பள்ளி லீவுக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் குளத்திலேயே கிடக்கும்போது, நாளொன்றுக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராம் வரை குளோரின் செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 180 கிராம். பம்ப் ஓடும் நேரத்தில்தான் மெஷினும் ஓடும். 8 மணி நேரம் பம்ப் ஓட்டினால் 15 கிராம் மெஷின் தருவது 120 கிராம். பற்றாது. 180 எடுக்க வேண்டுமானால் 12 மணி நேரம் முழு மூச்சாக ஓட்ட வேண்டும், கரண்ட் பில்லும் ஏறும். 30 கிராம் மெஷினை 75 சதவீதத்தில் வைத்தால் 8 மணி நேரத்திலேயே அந்த 180 வந்துவிடும்.

விலை வித்தியாசம் உறுத்தினால் இந்தக் கணக்கையும் பாருங்கள். ஒரு செல்லின் ஆயுள் 10,000 மணி நேரம் என்று வைப்போம், நல்ல செல்கள் ஏறக்குறைய அந்த அளவில்தான் வரும். சின்ன மெஷின் தினமும் 12 மணி நேரம் வேலை செய்தால் இரண்டே கால் வருடத்தில் முடிந்துவிடும். பெரியது 75 சதவீதத்தில் ஓடுவதால் செல்லுக்குத் தினம் 6 மணி நேரம்தான் வேலை, நாலரை வருடம் வரும். மெஷினில் விலை கூடிய பாகமே அந்த செல்தான். அதனால் மெஷின் விலையோடு மாற்று செல்லின் விலையையும், அதற்குத் தனியாக எத்தனை வருட வாரண்டி என்பதையும் எழுதி வாங்குங்கள். செல் விலை கேட்டதும் பேச்சை மாற்றுகிற கடையில் வாங்காதீர்கள்.

இனி தண்ணீர். நான் அதிகம் பேச வேண்டியது இதைத்தான்.

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, வேலந்தாவளம் என்று அந்தக் கிழக்கோரம் முழுக்க மழை மறைவுப் பகுதி. கேரளா என்றதும் நினைவுக்கு வரும் தண்ணீர் இங்கே இல்லை. ஆழமான போர், பருப்பு வேகாத தண்ணீர், சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது. உங்கள் போரில் எவ்வளவு என்று ஒரு லேபில் கொடுத்துப் பாருங்கள். டிடிஎஸ் மீட்டரை வைத்து முடிவு கட்டாதீர்கள், அது எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். நமக்கு வேண்டியது கால்சியம்.

ஏனென்றால் செல்லுக்குள் எதிர்மின் தகட்டை ஒட்டிய தண்ணீரில் பிஎச் கடுமையாக ஏறும். அந்த இடத்திலேயே கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். குளத்துத் தண்ணீர் பார்ப்பதற்குக் கண்ணாடி போல இருக்கும்போதே உள்ளே தகடு மூடிக்கொண்டிருக்கும்.

வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில், மெஷின் ஓடுது, ஆனா குளம் பச்சையாயிடுச்சு என்று கூப்பிட்டார்கள். செல்லைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். தகடுகளுக்கு நடுவே விரல் நகம் நுழைகிற இடைவெளி இருக்க வேண்டும், அங்கே ஒரேயடியாக வெள்ளைப் பாறை. நாலு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கலந்து ஊற்றியதும் சோடா உடைத்த மாதிரி பொங்கியது. பத்து நிமிடத்தில் சுத்தம். ஆனால் இரண்டு தகடுகளில் கோடு கோடாகப் பளபளப்பு. வீட்டுக்காரர் முன்பே ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியிருக்கிறார், பூச்சு உரிந்து வெறும் டைட்டானியம் தெரிந்தது. அந்த இடத்தில் இனி குளோரின் வராது. செல் போச்சு. (ஆசிட்டைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது. திறந்த வெளியில், கண்ணாடி, கையுறையோடு. பிளீச்சிங் பவுடர் இருக்கும் அறையில் ஆசிட்டை வைக்கவே கூடாது, இரண்டும் கலந்தால் விஷவாயு.)

ஒரு தடவை குளத்தை நிரப்புவதோடு விஷயம் முடிந்தால் பரவாயில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா விடுமா? தினம் 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால் உங்கள் குளத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 190 லிட்டர். ஆவியாவது தண்ணீர் மட்டும், கால்சியம் அங்கேயே தங்கிவிடும். 600 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள போர் தண்ணீரை தினமும் அந்த அளவு விட்டுக்கொண்டிருந்தால், மழையில்லாத 100 நாளில் குளத்தின் கடினத்தன்மை இன்னும் ஏறக்குறைய 250 கூடிவிடும். அதனால் மெஷினில் மிச்சம் பிடிக்க நினைக்கும் பணத்தை ஒரு குளத்துப் போர்வைக்கும், டாப்-அப் தண்ணீர் வரும் குழாயில் கடினத்தன்மையைக் குறைக்கும் ஒரு சின்ன சாஃப்ட்னருக்கும் போடுங்கள். கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்தால் அதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது. 100 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர்.

லேப் ரிப்போர்ட்டில் கடினத்தன்மை 400-க்கு மேல் இருந்தால், மின்னோட்டத்தின் திசையைத் தானாக மாற்றிப் படிவை உதிர்க்கும் மெஷின்தான் வேண்டும். இப்போது அநேகமாக எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. எத்தனை மணிக்கு ஒரு தடவை மாறுகிறது, அதை நாமே மாற்றி வைக்க முடியுமா என்று கேளுங்கள். அடிக்கடி மாறினால் படிவு குறையும், ஆனால் பூச்சும் சீக்கிரம் தேயும். அதனால் இதை மட்டும் நம்ப முடியாது, பிஎச்சையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். அப்புறம், செல்லின் உறை கண்ணாடி போலத் தெளிவாக இருக்கட்டும், யூனியன் போட்டுக் கையால் கழற்றும்படி இருக்கட்டும். உள்ளே எட்டிப் பார்க்க முடியாத செல்லை யாரும் கழுவமாட்டார்கள், நானும்தான்.

விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று ஃப்ளோ ஸ்விட்ச், குழாயில் தண்ணீர் ஓடாவிட்டால் மெஷினை நிறுத்துவது. மின்பகுப்பில் குளோரினோடு ஹைட்ரஜனும் வரும். தண்ணீர் ஓடினால் அது குமிழாகக் குளத்துக்குப் போய்க் காற்றில் கலந்துவிடும். பம்ப் நின்றபின்பும் செல்லில் மின்சாரம் பாய்ந்தால் குழாய்க்குள் தேங்கி வெடிக்கும் ஆபத்து உண்டு. பம்ப் ஸ்டார்ட்டரோடு இணைப்பு, அதற்கு மேல் ஃப்ளோ ஸ்விட்ச், இரண்டும் வேண்டும். டைமர் மட்டும் போதும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கரண்ட் போய்வந்தால் டைமர் பின்தங்கிவிடும். கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, சரியான எர்த், இடிக்கு எதிராக ஒரு சர்ஜ் அரெஸ்டர் போடச் சொல்லுங்கள். துலாமாத இடியில் கண்ட்ரோலர் போர்டு எரிந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

பிஎச் விஷயத்தில் உப்பு மெஷினுக்கு ஒரு குணம் உண்டு, அது மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் வைக்க, வாரம் ஒரு தடவையாவது ஆசிட் விட நேரும். காரத்தன்மையை லிட்டருக்கு 60 முதல் 80 மில்லிகிராமில் வைத்தால் ஏற்றம் நிதானப்படும். ஸ்டெபிலைசர், அதாவது சயனூரிக் ஆசிட், லிட்டருக்கு 60 மில்லிகிராம் அளவுக்கு வேண்டும், உங்கள் குளத்துக்கு 2.7 கிலோ. இது இல்லாவிட்டால் 30 கிராம் மெஷின் போடும் குளோரினையும் மதிய வெயில் சில மணி நேரத்தில் தின்றுவிடும்.

உப்பு சுமார் 157 கிலோ ஆகும். போர் தண்ணீரில் ஏற்கெனவே குளோரைடு இருக்குமே, அதனால் 50 கிலோ மூட்டை இரண்டை மட்டும் கொட்டி, ஒரு நாள் முழுக்கப் பம்ப் ஓட்டி, அளந்து பார்த்துவிட்டு மூன்றாவதைப் பிரியுங்கள். அயோடின் கலக்காத, 99 சதவீதத்துக்கு மேல் சுத்தமான உப்பு. தூத்துக்குடி உப்பளத்தில் வாரிய கல் உப்பு மலிவுதான், ஆனால் அதில் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தே வரும், நாம் விரட்டிக்கொண்டிருக்கும் அதே ஆசாமிகள். டைல்ஸ் இடுக்குகளை அடைக்க எபாக்சி கிரவுட் போட்டால் நல்லது. சிமெண்ட் கிரவுட் என்றால் வேலை முடிந்து ஒரு மாதம் கழித்தே உப்புப் போடுங்கள், அதுவரை சாதாரண குளோரின். ஏணி 316 ஸ்டீலாக இருக்கட்டும். கரையில் வெட்டுக்கல் (செம்புரைக்கல்) பதிப்பதாக இருந்தால் வேண்டாம், உப்பு உறிஞ்சிப் பொரிந்துவிடும்.

தொடக்கத்தில் சொன்ன இரண்டு வேலைகளில் ஒன்று அந்த லேப் டெஸ்ட். மற்றது, பேக்வாஷ் தண்ணீர் எங்கே போகும் என்று முடிவு செய்வது. சேண்ட் ஃபில்டரை ஒரு தடவை கழுவ 400 லிட்டர் போனால், அதோடு கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ உப்பும் வெளியே போகிறது. வாழைக்குப் பாய்ச்சினால் இலை ஓரம் கருகும். தென்னை கொஞ்சம் தாங்கும், தென்னைக்கு உப்பு வைப்பது நம் பக்கம் பழைய வழக்கம்தானே. ஆனால் சிற்றூர் தாலுகாவின் கரிசல் மண்ணில் சோடியம் சேர்ந்தால் மண் இறுகி, தண்ணீர் இறங்காது. எனவே ஒரே மரத்தடியில் விடாமல் குழாயை மாற்றி மாற்றிப் போடுங்கள், போருக்கும் கிணற்றுக்கும் அருகே கொண்டுபோகாதீர்கள். ஃபில்டர் இன்னும் வாங்கவில்லை என்றால் கார்ட்ரிட்ஜ் வகையைக் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பேக்வாஷே கிடையாது, கழற்றி நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவ வேண்டும். ஆடிக் காற்றில் தூசி அடைத்து வாரம் ஒரு தடவை கழுவ வைக்கும், அதற்கு வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.