வாடகை மனைவியின் கணக்குக்கு வந்தால் வரி யாருக்கு?

கேள்வி: கீழக்கரையில் 40 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய வீடு, என் பெயரிலும் கணவர் பெயரிலும் பத்திரமாகியிருக்கிறது. என் நகைகளை விற்று 10 லட்சம் கொடுத்தேன். மீதி, துபாயில் வேலை செய்யும் கணவருடைய சம்பளம். மாத வாடகை 24,000 ரூபாய் என் வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. எனக்கு வேறு வருமானம் இல்லை. முழுவதையும் என் வருமானமாகக் காட்டிவிடலாமா?

பதில்: கூடாது, சகோதரி. பணம் எந்தக் கணக்கில் விழுகிறது என்பதை வருமான வரிச் சட்டம் பார்ப்பதில்லை. வீடு யாருடைய பணத்தில் வந்தது என்றுதான் கேட்கிறது. கணவர் தன் பணத்தில் மனைவி பெயரில் வாங்கிய பங்குக்கு, வரிக் கணக்கில் அவரே உரிமையாளர். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

உங்கள் பங்கு நான்கில் ஒன்று. நகை விற்ற ரசீதையும், அந்தப் பணம் வீடு விற்றவருக்குப் போனதைக் காட்டும் வங்கிப் பதிவையும் பத்திரமாக வைத்திருங்கள். உங்கள் பங்குக்கு அவைதான் சாட்சி. (இவ்வூர் வழக்கப்படி பெற்றோர் மகளுக்குக் கொடுத்த வீடாக இருந்தால், முழு வாடகையும் மகளுடையதே.)

ஆண்டு வாடகை 2,88,000. நகராட்சிக்கு 8,000 ரூபாய் வீட்டு வரி கட்டியிருந்தால் மீதி 2,80,000. அதில் பராமரிப்புக்கென 30 சதவீதம், அதாவது 84,000 ரூபாய், ரசீது இல்லாமலே கழியும். எஞ்சிய 1,96,000இல் உங்களுக்கு 49,000, கணவருக்கு 1,47,000. புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை; ஆகவே உங்களுக்கு வரி கிடையாது. கணவருக்கும் இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால் வரி வராது.

ஆனால் இந்தக் கரையில் வெளிநாட்டுச் சம்பளத்தில் எழுந்த பல வீடுகளில் கவனிக்காமல் விடப்படும் விஷயம் ஒன்று உண்டு. வெளிநாடுவாழ் இந்தியருக்குச் சேரும் வாடகையில், குடியிருப்பவரே 31.2 சதவீத வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். மாதம் 50,000 ரூபாய் என்ற வரம்பு உள்நாட்டு உரிமையாளர்களுக்கு மட்டுமே. உங்கள் கணவரின் பங்கான 18,000 ரூபாயில் மாதம் 5,616 பிடிக்க வேண்டும். உங்கள் பங்கில் எதுவும் வேண்டாம். பிடிக்காவிட்டால் வட்டியோடு பொறுப்பு குடியிருப்பவர் தலையில் விழும். விவரம் தெரியாத ஒருவரை அந்தச் சிக்கலில் மாட்டிவிடுவது நியாயமில்லை. ஆகவே வாடகை ஒப்பந்தத்திலேயே இருவரின் பங்கையும், கணவர் வெளிநாட்டில் வசிப்பதையும் எழுதிவிடுங்கள்.

பிடித்த பணத்தைக் கணவர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். அவ்வளவு காலம் பணம் முடங்க வேண்டாம் என்றால், குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சான்றிதழ் கேட்டு வரித் துறைக்கு அவர் விண்ணப்பிக்கலாம். நிதியாண்டு தொடங்கியதும் விண்ணப்பித்துவிடுவது நல்லது. சான்றிதழ் கிடைத்த பிறகு தரும் வாடகைக்கே அது செல்லும்.